நீ எந்தக் குடி மனே? - உம்மா வழிக் குடும்பங்களும் நமது சிறுவர் பாடமும்

கிழக்கிலே ஒரு காலத்தில், தெரியாத பிள்ளையொன்று வாசலில் வந்து நின்றால் மூத்தம்மாமார் முதலில் கேட்பது அதன் பெயரையல்ல. "நீ எந்தக் குடி மனே?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளையும் தயங்காமல் சொல்லும். லெப்பைக் குடி, வடக்கனாக் குடி, ராசாம்பிள்ளைக் குடி என்று அது சொல்லும் பெயர் வாப்பாவிடமிருந்து வந்ததல்ல, உம்மாவிடமிருந்து வந்தது. உம்மாவுக்கு அவளுடைய உம்மாவிடமிருந்து. இன்று அதே கேள்வியை மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அநேகமாக, "அப்படியெண்டா என்ன?" என்று திருப்பிக் கேட்கும். சில வீடுகளில் உம்மாவுக்கே தெரியாது.

குடும்பம், மரபு, உலக மக்கள் என்று நமது சிறுவர்களுக்கு எதையெதையோ படிப்பிக்கிறோம். எஸ்கிமோவின் பனிவீடு தெரியும், ஜப்பானியப் பிள்ளையின் கிமோனோ தெரியும். தான் ஏன் உம்மாவின் ஊரில், உம்மாவின் பெயரிலுள்ள வளவில் இருக்கிறேன் என்பது தெரியாது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளி பற்றியது.

முதலில் குடி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காத்தான்குடி, ஏறாவூர் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று, பொத்துவில் வரை முஸ்லிம்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்திருந்தனர். ஒரே குடிக்குள் திருமணம் செய்வதில்லை. மாமி மகளைக் கட்டலாம், சாச்சி மகளைக் கட்ட முடியாது. சாச்சி மகளும் உம்மாவின் குடிதானே. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது வீடு. கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், இளையவளுக்கு அதே வளவில் இன்னொன்று கட்ட ஆரம்பிப்பார்கள். ஆகவே ஒரு வளவுக்குள் உம்மா, சாச்சிமார், அவர்களது பிள்ளைகள். வந்து சேர்ந்தவர்கள் வாப்பாமார்.

இதே அமைப்பு மட்டக்களப்புத் தமிழர்களிடமும் உண்டு. திமிலரை விரட்ட முக்குவருக்கு முஸ்லிம்கள் துணை நின்றதாகவும், அதற்கு நன்றியாகப் பெண் கொடுத்ததாகவும், குடிமுறை அந்த வழியாக வந்ததாகவும் ஒரு பழங்கதை இருக்கிறது. கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு வரலாற்று நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே என் எண்ணம். குடி என்பது நாம் தனியே கண்டுபிடித்ததல்ல, அயலவரோடு பகிர்ந்துகொண்டது.

சட்டத்தின் கதை வேறு. முக்குவர் வழமைச் சட்டத்தில் முதுசொத்து தாய்வழியே, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் பிறிட்டோ அந்தச் சட்டத்தை நூலாக்கினார். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு வந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம்தான் அதை வழக்கொழியச் செய்தது. முஸ்லிம்களுக்கு 1806இல் தொகுக்கப்பட்ட முகம்மதியர் சட்டக்கோவையும், பின்னர் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தன. எழுத்தில் நமது சொத்து பராயிழ் முறைப்படிதான் பிரியும். அப்படியானால் கிழக்கில் வீடுகள் எப்படிப் பெண்களிடமே தொடர்ந்து வந்தன? விடை எளிது. வாப்பா உயிரோடு இருக்கும்போதே வீடு மகளின் பெயருக்கு மாறிவிடும். மெளத்தான பின் மிஞ்சுவதே பராயிழுக்குப் போகும். சட்டத்தை யாரும் மீறவில்லை, வழமையையும் யாரும் கைவிடவில்லை.

நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலில் கிழக்கு முஸ்லிம்களின் இந்த அமைப்புப் பற்றி எழுதினார். அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் பெரிய நூலொன்றே வெளியிட்டார். பல்கலைக்கழக நூலகங்களில் நமது குடிகள் பத்திரமாக இருக்கின்றன. அவை காணாமற்போனது ஆரம்பப் பாடசாலையில்தான்.

சுற்றாடல் பாடத்தில் குடும்பம் வரும்போது வழமையாக ஒரு படம் வரும். வாப்பா கதிரையில், உம்மா குசினியில், இரண்டு பிள்ளைகள். குடும்ப மரம் வரையச் சொன்னால் பிள்ளை தன் பெயருக்கு முன்னால் இருக்கும் வாப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. உம்மா பக்கம் ஒரு கிளையோடு நின்றுவிடும். ஒரு படத்தால் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைக்கலாம். வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கரையோரம் அழிந்தபோது போன வீடுகளில் மிகப் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். மீள்குடியேற்றப் படிவத்திலோ 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஆணின் பெயர் போனது. பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனின் பெயருக்கு வந்த சம்பவங்கள் அப்போதே பெண்கள் அமைப்புகளால் எடுத்துக்காட்டப்பட்டன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசு வரிசையில் ஆணுக்கே முன்னுரிமை கொடுத்து வந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. படிவம் தயாரித்த உத்தியோகத்தர் கெட்டவரல்லர். மூன்றாம் ஆண்டில் அவர் பார்த்த குடும்பம் அந்தப் படத்திலிருந்த குடும்பம்.

இன்னொரு பக்கமிருந்தும் அழுத்தம் உண்டு. "இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத வழமை, பிள்ளைகளுக்கு ஏன் சொல்லிக் கொடுக்க வேணும்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் அக்கறையை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் உலகத்திலே நாம் மட்டும்தான் இப்படி என்று பிள்ளை நினைத்து வெட்கப்படுமானால், அது அறியாமை. அந்த இடத்தில்தான் உலகச் சமூகங்களைப் படிப்பிப்பதன் பயன் இருக்கிறது. தூரத்துப் புதினமாக அல்ல, உறவுக்காரரைத் தேடுவதாக.

மேற்கு சுமாத்திராவின் மினாங்கபௌ மக்களிடமிருந்து தொடங்கலாம். உலகத்தின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் அவர்கள். அவர்களும் முஸ்லிம்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல அருமையான கதையொன்று அவர்களிடம் உண்டு. ஜாவாவிலிருந்து படை வந்ததாம். மனிதர் சாக வேண்டாம், எருமைகள் பொருதட்டும் என்று பேசிக்கொண்டார்களாம். வந்தவர்கள் பூதம் மாதிரி ஒரு கடாவை இறக்க, ஊரார் பால் குடிக்க விடாமல் பட்டினி போட்ட ஒரு கன்றின் மூக்கில் கூரிய இரும்பைக் கட்டி விட்டார்களாம். கன்று தாயென்று நினைத்துப் பால் தேடிப் பெரிய எருமையின் வயிற்றை முட்ட, கதை முடிந்தது. 'வென்ற எருமை' என்பதே மினாங்கபௌ என்ற பெயரின் பொருளாம். அவர்களது பெரிய வீட்டின் கூரையும் எருமைக் கொம்பாக வளைந்து நிற்கும். அந்த 'ரூமா கடாங்' பெண்களின் வீடு. உள்ளே கல்யாணம் முடித்த பெண்களுக்கு ஒவ்வொரு அறை. கணவன் விருந்தாளி மாதிரி. அடிக்கட்டைமேல் கிடக்கும் சாம்பலைப் போன்றவன் மருமகன் என்று அவர்களிடம் ஒரு பழமொழி, ஒரு காற்றடித்தால் போய்விடுவானாம். நமது ஊர் மாப்பிள்ளைமார் கேட்டால் சிரிப்பார்கள், கொஞ்சம் யோசிக்கவும் செய்வார்கள். வளர்ந்த ஆண்பிள்ளைகள் வீட்டில் படுப்பதில்லை. 'சுராவு' எனப்படும் தொழுகைக் கூடத்தில் படுத்து, அங்கேயே குர்ஆன் ஓதி, சிலாட் தற்காப்புக் கலையும் பழகினார்கள்.

மார்க்கத்துக்கும் வழமைக்கும் இடையிலான வழக்கு அவர்களிடமும் நடந்தது, நம்மிடம் நடந்ததைவிடக் கடுமையாக. 1803இல் மக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிமார் தொடக்கிய சீர்திருத்தம் பத்ரி யுத்தமாக வளர்ந்தது. ஒல்லாந்தர் உள்ளே நுழைந்தார்கள். 1837இல் துவான்கு இமாம் பொஞ்சோல் பிடிபட்டார். யுத்தத்தின் ஊடே வழமைக்காரரும் மார்க்கக்காரரும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள்: வழமை ஷரீஅத்தின் மேல் நிற்கும், ஷரீஅத் அல்லாஹ்வின் வேதத்தின் மேல் நிற்கும். இன்றும் அவர்களின் அடிப்படை வாசகம் அதுதான். அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. மஸ்ஜிதுல் ஹராமில் ஷாபிஈ இமாமாக இருந்த அஹ்மத் கதீப் அந்த மண்ணின் மகன். தாய்வழிச் சொத்துரிமையை அவர் வாழ்நாள் முழுதும் கண்டித்தார். 1952இல் புக்கிட்டிங்கியில் குடித் தலைவர்களும் உலமாக்களும் கூடி, பரம்பரைச் சொத்து தாய்வழியே நிற்கட்டும், ஒருவர் உழைத்துச் சேர்த்தது பராயிழ்படி பிரியட்டும் என்று பிரித்தார்கள்.

அந்த ஊரவர்தான் தப்ஸீர் அல்அஸ்ஹர் எழுதிய ஹம்கா. ஆலிம், பின்னாளில் இந்தோனேசிய உலமா சபையின் முதல் தலைவர். 1938இல் அவர் எழுதிய 'வன் டர் வெய்க் கப்பல் மூழ்கியது' என்ற நாவலின் நாயகன் சைனுத்தீனுக்கு வாப்பா மினாங்கபௌ, உம்மா புகிஸ் இனத்தவள். உம்மா வழியில் குடியில்லாததால் வாப்பாவின் ஊரில் அவன் அந்நியன், விரும்பிய பெண்ணும் கிடைக்கவில்லை. தன் சமூகத்தை நேசித்த ஓர் ஆலிம் அதன் கொடுமையையும் மறைக்காமல் எழுதினார். நம்மவருக்கு இந்தத் துணிவு கொஞ்சம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இலட்சத்தீவு முஸ்லிம்களிடம் இதே பிரிவினை இன்னும் அழகான பெயரோடு இருக்கிறது. தறவாட்டுப் பொதுச் சொத்து 'வெள்ளியாழ்ச்ச' சொத்து, தனியாள் தேடியது 'திங்களாழ்ச்ச' சொத்து. வெள்ளிக்கிழமைத் தென்னை தாய்வழியே போகும், திங்கட்கிழமைத் தென்னை ஷரீஅத்படி பிரியும். லீலா துபே 1969இல் கல்பேனித் தீவு பற்றிய தமது ஆய்வுக்கு வைத்த தலைப்பே தாய்வழியும் இஸ்லாமும் என்பதுதான். சின்னப் பிள்ளைக்குச் சொத்துச் சட்டம் விளங்காது, ஆனால் இரண்டு கிழமை நாட்களின் பெயர் கொண்ட இரண்டு தென்னை விளங்கும். மினாங்கபௌவும் இலட்சத்தீவும் சொத்தை இரண்டாகப் பிரித்து வைத்தன, நாம் உயிரோடு கொடுப்பது, மெளத்தின் பின் மிஞ்சுவது என்று காலத்தால் பிரித்தோம். மூன்றும் ஒரே கேள்விக்கு வந்த விடைகள்.

கண்ணூர் அறக்கல் குடும்பத்தில் மூத்தவர் ஆணானால் அலி ராஜா, பெண்ணானால் அறக்கல் பீவி, இருவரும் ஆண்டார்கள். கொமரோஸின் பெரிய தீவிலும் வீடு மகளுக்கே, மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். காயல்பட்டினம், கீழக்கரை உறவுகளைப் பற்றி நமது வாசகருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்னு பதூதாவையும் இங்கே கூப்பிட வேண்டும். 1344இல் இலங்கைக்கு வந்து போனவர், 1352இல் சஹாராவின் தென்கரையில் வலாத்தா நகரில் மஸூபா மக்களைக் கண்டு திகைத்தார். வம்சம் தாய்மாமன் வழியே, சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. மலபாரின் முஸ்லிமல்லாதாரிடம் மட்டுமே அவர் அதைக் கண்டிருந்தார். ஆனால் இவர்களோ தொழுகையைப் பேணி, பிக்ஹு கற்று, குர்ஆனை மனனமிட்டவர்கள். திகைப்பையும் எழுதினார், அவர்களின் பேணுதலையும் எழுதினார்.

இதை ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கொண்டுபோவது கஷ்டமில்லை. தன் கண்முன் உள்ளதிலிருந்தே சிறுவர் பாடம் தொடங்க வேண்டும் என்று லூசி ஸ்பிரேக் மிச்சல் 1921இலேயே தமது சிறுவர் கதை நூலில் செய்து காட்டினார். நமது பிள்ளையின் கண்முன் வளவு இருக்கிறது. ஆகவே குடும்ப மரத்தை இரண்டு முறை வரையச் சொல்லலாம். ஒரு முறை வாப்பாவின் பெயரைப் பிடித்து, ஒரு முறை உம்மா, உம்மாவின் உம்மா, அவளின் உம்மா என்று. பிறகு, இந்த வீட்டை யார் யாருக்குக் கொடுத்தது என்று மூத்தம்மாவிடம் கேட்டு வரச் சொல்லலாம். அதன் பின்னர் எருமைக்கொம்புக் கூரையின் படத்தைக் காட்டினால், "அங்கயும் வாப்பாதான் வந்து சேருறதா?" என்று பிள்ளையே கேட்கும்.

மறைக்கக் கூடாததும் ஒன்று உண்டு. மகளுக்கு வீடு கட்ட வாப்பாவும் காக்காமாரும் மத்திய கிழக்கில் காய்ந்து கிடப்பதும், வீட்டோடு கைக்கூலியும் கேட்கப்படுவதும், மஹர் பெயருக்கு ஒரு தொகையாகச் சுருங்கிப்போனதும் இதே மரபின் இன்றைய முகம்தான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அது வீட்டில் கேட்டுப் பழகிய கதை. வகுப்பில் அதைப் பேசவிடாமல் அடக்கி, குடியைப் பூச்சூட்டிய பொம்மையாகக் காட்டினால் பிள்ளை நம்பாது.

குடிப் பெயர்கள் பிறப்புச் சான்றிதழில் இல்லை. காணி உறுதியில் மகளின் பெயர் இருக்கும், குடி இருக்காது. குடிவழி மரைக்கார்மார் இருந்த பள்ளிகள் பலவற்றில் இப்போது நிருவாக சபைதான். மூன்று தலைமுறை உம்மாமாரின் பெயரை மூச்சு விடாமல் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிய மூத்தம்மாமார் மட்டுமே. வரும் தவணை விடுமுறையில் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்துப் பிள்ளையை அவர்களிடம் அனுப்புங்கள். அஸருக்குப் பிறகு அனுப்பினால் நல்லது, அந்த நேரம்தான் அவர்கள் கதைக்க உட்காருவார்கள்.