போர்ட்லாண்டின் இலகு ரயில் தடம்: நிலமும் தண்டவாளமும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் நகரை அதன் கிழக்கு, மேற்குப் புறநகர்களோடு இணைக்கும் ‘மேக்ஸ்’ நீலத் தடத்தின் வரலாறு, போடப்படாமல் போன ஒரு சாலையிலிருந்து தொடங்குகிறது. நகரின் தென்கிழக்குக் குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு மவுண்ட் ஹூட் விரைவுச்சாலை வரவிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிபடும் நிலையில் மக்கள் எதிர்த்தனர். மேயர் நீல் கோல்ட்ஷ்மிட்டும் அவர்கள் பக்கம் நின்றார். 1974இல் நகர மன்றம் திட்டத்தைக் கைவிட்டது. சாலைக்கென ஒதுக்கிய நடுவண் அரசின் பணத்தைப் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்பிக்கொள்ள 1973ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தந்திருந்தது. அந்த வழி திறந்திராவிட்டால் சாலைத் திட்டம் நின்றுபோயிருக்கும், ஆனால் ரயில் வந்திருக்காது.

அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் உருவான முதல் தடம் 1986 செப்டம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. நகர மையத்திலிருந்து கிழக்குப் புறநகரான கிரெஷாம் வரை அதன் நீளம் சுமார் 24 கிலோமீட்டர். புதிதாக நிலம் எடுப்பதைக் கூடியவரை தவிர்த்தே பாதை வகுக்கப்பட்டது. வில்லமெட் ஆற்றை 1912இல் கட்டிய ஸ்டீல் பாலத்தின் மேல்தளம் வழியே கடந்து, பான்ஃபீல்ட் விரைவுச்சாலையை ஒட்டிச் சென்று, பர்ன்சைடு தெருவின் நடுவில் ஓடி, கடைசிப் பகுதியில் பழைய மின்ரயில் நிறுவனம் விட்டுச்சென்ற பாதையில் ஏறுகிறது. அந்த இறுதிப் பகுதி பத்தாண்டுகள் ஒற்றைத் தடமாகவே இருந்தது. பழைய ரயிலின் சந்திப்பான ரூபி ஜங்ஷனில்தான் புதிய பணிமனையும் அமைந்தது.

கிழக்கில் ரயில் வந்தபோது வீடுகள் முன்பே நிறைந்திருந்தன. மேற்கில் நிலைமை வேறு. 1973இல் ஆரிகன் இயற்றிய நிலப் பயன்பாட்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1979இல் பெருநகரைச் சுற்றி வளர்ச்சி எல்லை வரையப்பட்டது. எல்லைக்கு வெளியே வயல், உள்ளே நெருக்கமான குடியிருப்பு என்பது கொள்கை. 1998 செப்டம்பர் 12 அன்று பீவர்ட்டன் வழியாக ஹில்ஸ்போரோ வரை திறக்கப்பட்ட மேற்குத் தடம், இன்னும் காலியாகக் கிடந்த நிலங்களின் ஊடாகவும் சென்றது. ஒரென்கோ நிலையத்தை ஒட்டி எழுந்த குடியிருப்பு இதன் நேரடி விளைவு: சிறிய மனைகள், அடுக்கு வீடுகள், நடந்து எட்டும் கடைத்தெரு. போர்ட்லாண்டின் அனுபவத்தில் பிற நகரங்கள் முதலில் கற்க வேண்டியது, முதலில் எல்லை, பிறகு ரயில், அதன்பின் குடியிருப்பு என்ற இந்த வரிசையைத்தான்.

மேற்குத் தடத்துக்காக மேற்குக் குன்றுகளைக் குடைந்து அமைத்த ராபர்ட்சன் சுரங்கம் சுமார் 5 கிலோமீட்டர் நீளமுடையது. சிதைந்த பசால்ட் பாறை துளையிடும் இயந்திரத்தைத் தாமதப்படுத்தியது. உள்ளேயிருக்கும் வாஷிங்டன் பார்க் நிலையம் தரைமட்டத்துக்கு 79 மீட்டர் கீழே இருக்கிறது. துளையிட்டு எடுத்த பாறைத்தண்டு, புவியியல் காலவரிசையோடு அதன் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. முதல் தடத்தின் தொடக்க காலத்தில் சக்கர நாற்காலியில் வருவோரை ஏற்ற நடைமேடையில் தனித் தூக்கிகள் தேவைப்பட்டன. 1997இல் வந்த தாழ்தளப் பெட்டிகள் அந்தத் தேவையை நீக்கின.

2001இல் கிழக்குத் தடத்தின் கேட்வே நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குக் கிளை பிரிந்தது. கட்டுமானச் செலவில் பங்கேற்ற பெக்டெல் நிறுவனத்துக்கு ஈடாக வழியிலிருந்த நிலத்தை மேம்படுத்தும் உரிமை கிடைத்தது. அலுவலகங்களும் கடைகளும் நெருங்கி நிற்கும் பகுதியாக அது திட்டமிடப்பட்டாலும், பின்னர் அங்கே எழுந்தவை பெரும்பாலும் அகன்ற கார் நிறுத்துமிடங்களுடன் கூடிய பெருங்கடைகளே.