ஏசா கிரேயும் பரிணாமக் கொள்கையும்

உயிரினங்கள் தனித்தனியே படைக்கப்பட்டனவல்ல, முன்னிருந்தவற்றினின்று காலந்தோறும் திரிந்து தோன்றியனவே என்னும் பரிணாமக் கொள்கையை உடன்படுவோர் கடவுளை மறுத்தேயாகல் வேண்டுமோ? சார்லஸ் டார்வினுடைய நூல் 1859-ஆம் ஆண்டில் வெளிவந்த நாள்தொட்டே இவ்வினா எழுந்தது. அதற்கு விடைகாணப் புகுந்தோருள் முன்னிற்பவர் அமெரிக்காவிலே ஹார்வர்டு சர்வகலாசாலையிற் பேராசிரியராய் விளங்கிய பயிர்நூல் வல்லார் ஏசா கிரே (1810–1888) ஆவர்.

கிரே கிறிஸ்து சமயத்தில் உறைத்த பற்றுடையவர். டார்வினோ தம் கருத்தை நூலாக்குதற்கு முன்னரே, 1857-இல், அதனைச் சுருக்கி அவருக்கு எழுதினர். யப்பான் நாட்டுச் செடிகொடிகள் பல, நெடுந்தொலைவிலுள்ள அமெரிக்காவின் கீழ்ப்புறத்தனவற்றை ஒத்திருத்தலைக் கிரே ஆராய்ந்து கண்டார். பண்டு வடபுலத்தே பரவியிருந்தவை குளிர்மிகுதியாற் றெற்கே பெயர்ந்து பிரிந்தமையே அதற்குக் காரணமெனத் துணிந்தார். அக்கலாசாலையிலேயே பேராசிரியராயிருந்த லூயி அகாசி, ஒவ்வோரினமும் இறைவனால் தனித்தனியே படைக்கப்பட்டதென வாதித்தார். இருவரும் கடவுளுண்மை கொண்டவரே. ஆதலின், அவ்வழக்கு ஆத்திகத்திற்கும் நாத்திகத்திற்கும் நிகழ்ந்ததன்று.

துணைக்காரணங்களை ஆராய்ந்தறிதல் நிமித்த காரணனை மறுத்தலாகாது. செயல் நிகழும் முறை விளங்கியதனாற் செய்வோன் இலனாகான் என்பது 1860-இல் கிரே எழுதிய கட்டுரைகளின் சாரம். டார்வின் அவற்றை மகிழ்ந்தேற்று இங்கிலாந்திற் சிறு நூலாக வெளிவரச் செய்தனர்.

ஆயினும், டார்வினுக்கு ஒரு தடை நின்றது. ஒருவகைக் குளவி புழுவின் உடலுள் முட்டையிடும். அம்முட்டையினின்று வெளிப்படுவன உயிரோடிருக்கும் அப்புழுவையே தின்று வளரும். அருளாளன் ஒருவன் இதனைக் கருதிப் படைத்தான் என்பது தமக்கு உடன்பாடன்றென 1860 மே 22-ஆம் நாட் கடிதத்தில் அவர் கிரேக்கு எழுதினர். உலகனைத்தும் குருட்டு வன்மையால் விளைந்தது என்பதும் அவர்க்கு அமைதி தந்திலது. அதனையும் அக்கடிதத்திலேயே கூறினர்.

கால்வாய்வழி நீர் செலுத்தப்படுமாறு போல, உயிர்களிடத்துத் தோன்றும் வேறுபாடுகள் நலந்தரும் நெறியிற் செலுத்தப்படுகின்றன என்றனர் கிரே. டார்வின் 1868-இல் இதனை மறுத்தார். மலைச்சரிவில் வீழ்ந்த கற்களைத் தெரிந்தெடுத்துத் தச்சன் வீடு கட்டுகின்றான். அக்கற்கள் அவ்வடிவாய் உடைந்தது அவன் வீட்டின்பொருட்டெனக் கூறலாமோ என்பது அவர் வினா. கிரே தம் கடவுட்பற்றையும் பரிணாமக் கொள்கையையும் ஒருங்கே இறுதிவரை போற்றினர்.

பிற்காலத்து மரபியலார், மரபுக்கூற்று மாற்றங்கள் உயிரின் தேவை நோக்கி எழுவனவல்ல எனக் கண்டனர். ஆகவே, அறியப்படாதிருந்த ஓரிடத்தில் இறைவன் செயலை வைத்துக் காட்டிய கிரேயின் பிற்கூற்று நிலைபெறவில்லை. காரணங்களின் தரம்பிரித்த அவர் முற்கூற்றோ அவ்வாராய்ச்சியால் அழியாது நிற்கின்றது. புழுவின் துன்பம்பற்றி டார்வின் எழுப்பிய தடை இரண்டினும் வேறானது. அது பயிர்நூலால் விடுக்கப்படுவதன்று. இறையருளை உடன்படுவோர் தாமே எதிர்கொண்டு விடை கூறற்பாலது.