ஒல்லாந்தர் செவியும் ஊர்ப்பெயர்களும்

திருஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளம் இன்றும் இரும்பையாகவே நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் ஒலித்த பெயரை நாமும் அவ்வாறே ஒலிக்கின்றோம். சில கல் தொலைவிலுள்ள கடற்கரை ஊர்கள் பலவற்றிற்கு இப்பேறு வாய்க்கவில்லை. வணிகம் நாடி வந்தோர் தம் செவிக்கு எட்டியதை எழுதினர். எழுதியது நிலப்படத்தில் ஏறியது. பின்வந்தோர் நிலப்படத்தையே நம்பினர்.

1608ஆம் ஆண்டில் செஞ்சி நாயக்கர் ஒல்லாந்தருக்குத் தேவனாம்பட்டினத்தில் இடமளித்தார். அவர்தம் ஏடுகளில் அது ‘தேகனாபட்டம்’ ஆயிற்று. அவர்கள் மொழியில் ‘தேகன்’ என்பதற்கு ‘எதிராக’ என்று பொருள்! தேவன் இருந்த இடத்தில் எதிர்ப்பு வந்து அமர்ந்தது தற்செயலே எனினும், நகைக்காதிருக்க இயலவில்லை. சதுரங்கப்பட்டினம் ‘சத்ராஸ்’ எனக் குறுகிற்று. பழவேற்காடோ ஐரோப்பியர் நாவில் ‘புலிகாட்’ ஆனது. ழகரத்தோடு வேலமரமும் போயிற்று. தமிழறிந்தார் செவிக்கு இல்லாத புலியொன்று அங்கே தோன்றிற்று.

இப்பிழை ஒருபக்கத்தது அன்று. பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கோட்டையின் பெயர் கெல்ட்ரியா. டச்சு மொழியில் ‘கெல்ட்’ என்பது பணம். அக்கோட்டையில் நாணயமும் அச்சிடப்பட்டது. எனவே ‘பணக்கோட்டை’ என்று நாம் பொருள் கொண்டால் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் அது அவர்கள் நாட்டின் கெல்டர்லாந்து மாநிலத்தைக் குறித்த பெயர். நாம் வழங்கும் ‘ஒல்லாந்து’ என்பதும் அத்தகையதே. பன்னிரண்டு மாநிலங்களுள் இரண்டுக்கே உரிய பெயரை நாடு முழுமைக்கும் சூட்டிவிட்டோம். நெதர்லாந்து என்பதன் பொருள் தாழ்நிலம். நெய்தல் பாடிய மரபினர்க்கு இது விளங்காததன்று.

செவிப்பிழையினும் கொடிது, கேளாமலே பெயர் சூட்டுவது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதன் தீவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களை இட்டனர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. டெல்ஃப்ட் என்னும் சொல் தோண்டிய வாய்க்காலைக் குறிப்பது. பவளக்கல் வேலியும் பனையும் நிறைந்த, ஆறில்லாத் தீவுக்கு வாய்க்காலின் பெயர்! ஏனையவை வழக்கொழிந்தும், இஃதொன்று ஆங்கில வழக்கில் இன்றளவும் நீடிக்கின்றது.

2020 ஜூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பிற்கேற்பத் திருத்தி ஆணை வெளியிட்டது. எழுத்துமுறை குறித்து வழக்கெழவே, சில நாள்களில் அதனைத் திரும்பப் பெற்றது. ழகரத்தை எவ்வாறு எழுதுவது என்பதை அறிஞர் இன்னும் ஆராயட்டும். பழவேற்காட்டார் பேருந்தில் ஏறிப் பழவேற்காட்டுக்கே சீட்டுக் கேட்கின்றனர்.