லிஃப்ட் எதிரே நீலக் குதிரைகள்

பி பிளாக் லிஃப்ட் எதிரே புதிதாக மாட்டியிருக்கும் நீலக் குதிரைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். "வெறும் பிரிண்ட்தானே, இதற்கு எதற்குச் சங்கப் பணம்?" என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தப் படத்தின் கதையையே பதிலாகச் சொல்கிறேன்.

அதன் பெயர் 'நீலக் குதிரைகளின் கோபுரம்'. ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1913இல் வரைந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக எழும் நான்கு குதிரைகள், பின்னால் ஒரு வானவில். மூல ஓவியம் 2 மீட்டர் உயரம், 1.3 மீட்டர் அகலம். முதல் உலகப்போரில் சிப்பாயாகப் போன மார்க், 1916 மார்ச்சில் வெர்டன் அருகே இறந்தார். வயது 36. 1919இல் பெர்லின் தேசிய ஓவியக்கூடம் படத்தை வாங்கியது.

நாஜிகளுக்கு நவீன ஓவியம் பிடிக்காது. 1937 ஜூலையில் மியூனிக்கில் அவர்கள் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில், கேலிக்காகவே இதையும் மாட்டினார்கள். நாட்டுக்காக உயிர்விட்டவரை இப்படி அவமதிக்கலாமா என்று முன்னாள் ராணுவ அதிகாரிகள் சங்கம் எதிர்த்தது. படத்தை இறக்கினார்கள். பிறகு அது நாஜித் தலைவர் கோரிங் வசம் போனது. 1945இலிருந்து அதைக் காணவில்லை.

மிஞ்சியது என்ன? மார்க் தன் தோழியான கவிஞர் எல்ஸ லாஸ்கர்-ஷூலருக்கு அஞ்சலட்டையில் தீட்டி அனுப்பிய சிறு வடிவம் ஒன்று. அப்புறம், படம் தொலைவதற்கு முன்பே அச்சான வண்ணப் பிரதிகள். இன்று உலகம் இந்தக் குதிரைகளைப் பார்ப்பது அந்தப் பிரதிகளின் தயவில்தான். நீலம் ஒவ்வொரு பிரிண்டிலும் கொஞ்சம் மாறும்; எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இல்லை.

வீட்டுக்குப் பிரிண்ட் வாங்க நினைப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள்:

1. மூலத்தின் அளவை விசாரியுங்கள். இந்தப் படம் 60 செ.மீ. உயரம் என்றால் அகலம் 39 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம்.
2. கண்ணாடி தாளில் ஒட்டாதபடி மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள். மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு குறையும்.
3. நேர் வெயில் விழும் சுவர் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

அடுத்த முறை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெறும் பிரிண்ட்தான். ஆனால் இப்போது இருப்பதும் அதுதான்.