ராமானுஜன் பகா எண்

ஏதாவது ஓர் எண்ணை எடுத்து, அதன் பாதியைத் தாண்டி அந்த எண் முடிய எத்தனை பகா எண்கள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கலாம். எண் பெரிதாகும்போது இந்தக் கணக்கு சீராக ஏறுவதில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எந்த எண் முதற்கொண்டு அது இரண்டுக்குக் கீழே இறங்குவதே இல்லையோ அது இரண்டாம் ராமானுஜன் பகா எண். நூற்றுக்குக் கீழே இறங்காத தொடக்கம் நூறாவது. வரிசை 2, 11, 17, 29, 41 என்று தொடங்குகிறது.

7-க்கும் அதன் பாதிக்கும் நடுவே 5, 7 என இரண்டு உண்டு. ஆனால் 10-க்கு வந்தால் 7 மட்டுமே மிஞ்சுகிறது. 11 முதல் அந்தக் குறை மீண்டும் வருவதில்லை. அதனால்தான் இரண்டாம் இடம் 7-க்கு இல்லை, 11-க்கு. ஒரு பகா எண்ணை எட்டும்போதுதான் கணக்கு ஒன்று கூடும் என்பதால், இப்படிக் கிடைக்கும் எல்லைகள் எல்லாமே பகா எண்கள்.

ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் உண்டு என்று பெர்த்ரான் 1845-இல் ஊகித்தார், செபிஷேவ் நிறுவினார். காமா சார்பைக் கொண்டு ராமானுஜன் தந்த நிறுவல் இரண்டே பக்கம். 1919-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முடிவில்தான் மேற்கண்ட ஐந்து எண்களும் இருக்கின்றன.

ஆயினும் இந்த வரலாற்றை 1919-இல் தொடங்குவது போதாது. அந்தக் கழகத்தை 1907-இல் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தார். 1910-இல் வேலை தேடிக் கும்பகோணத்தில் ரயிலேறிய ராமானுஜன், விழுப்புரத்தில் வண்டி மாறி அவரைப் பார்க்கப் போனார். குறிப்பேடுகளைப் பார்த்த ஐயர், இந்த மேதையை வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் முடக்க மனமின்றி, அறிமுகக் கடிதங்களுடன் சென்னைக்கு அனுப்பினார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் ரயில் பாதைக்குக் கணித வரலாற்றில் இடமுண்டு என்றால் அது மிகையல்ல.

இந்த எண்களுக்கு ராமானுஜன் பகா எண் என்ற பெயரைச் சூட்டியவர் ஜோனதன் சொண்டோ. வரிசையில் இரண்டாவது முதற்கொண்டு எந்த ராமானுஜன் பகா எண்ணும், அதன் வரிசை எண்ணைப் போல் இருமடங்கு இடத்தில் நிற்கும் சாதாரணப் பகா எண்ணைவிடப் பெரியது என்று அவர் காட்டினார். மும்மடங்கு இடத்தில் நிற்பதைவிடச் சிறியது என்ற அவரது ஊகத்தை இந்தியக் கணிதர் சாந்தா லாய்ஷ்ரம் 2010-இல் நிறுவினார்.

நூறாவது ராமானுஜன் பகா எண் 1439. இருநூறாவது பகா எண் 1223, முந்நூறாவது 1987. இடையில் அது நிற்கிறது. 1439 வரை 228 பகா எண்கள், அதன் பாதிக்குள் 128. மிச்சம் சரியாக நூறு. ஒரு படி முன்னால், 1438-இல், தொண்ணூற்றொன்பதுதான். 1438-இன் பாதியான 719-உம் பகா எண்ணே. 1 முதல் 6 வரை பெருக்கினால் வரும் 720-க்கு ஒன்று குறைவு அது. 89-ஐ இரட்டித்து ஒன்று கூட்டிக்கொண்டே போனால் 179, 359, 719, 1439, 2879 எனத் தொடர்ந்து பகா எண்களாகவே வரும். அடுத்த 5759-இல் சங்கிலி அறுகிறது. அது 13-இன் மடங்கு.