இடைநிலை அளவும் பிளிமத் எருதும்

1906 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், ஓர் எருதை அறுத்துச் சுத்தம் செய்தபின் அதன் எடை எவ்வளவு இருக்கும் என ஊகிக்கும் போட்டி நடந்தது. கட்டணம் ஆறு பென்ஸ். பொதுமக்களின் தீர்ப்பில் பெரிய நம்பிக்கையில்லாத அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன், 787 சீட்டுகளிலிருந்த ஊகங்களை ஏறுவரிசையில் அடுக்கினார். நடுவில் நின்ற எண், அதாவது இடைநிலை அளவு, 1207 பவுண்டு. அவர் குறித்த உண்மை எடை 1198. எதிர்பார்த்ததைவிட மக்கள் நன்றாகவே கணித்திருந்தனர்; 1907இல் நேச்சர் இதழில் அதை ஒப்புக்கொண்டார்.

கூட்டுச் சராசரியை அவர் விரும்பவில்லை. யாரோ ஒருவர் கண்டபடி பெரிய எண்ணை எழுதினால் சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இடைநிலை அளவு அவ்வளவாக அசையாது. நியாயமான வாதம்தான். ஆனால் வாசகர் ஒருவர் கேட்டபின் அவர் வெளியிட்ட சராசரி 1197 பவுண்டு!