பிளீச்சிங் பவுடரும் புள்ளிக் கைக்குட்டையும்

பிளீச்சிங் பவுடர் என்றதும் நமக்குத் தண்ணீர்த் தொட்டியும் சாக்கடையும்தான் ஞாபகம் வரும். ஆனால் அது முதலில் பிறந்தது துணிக்காகத்தான். அந்தக் கதையை நம் தையல் குழுத் தோழிகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முன்பு ஐரோப்பாவில் துணி வெளுக்க மாதக்கணக்காகும். சாம்பல் நீரில் அவித்து, புளித்த மோரில் ஊறப்போட்டு, புல்வெளியில் வெயில்பட விரிப்பார்கள். 1785-இல் பெர்தொலே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குளோரின் துணியை வெளுக்கும் என்று காட்டினார். 1799-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட், சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிப் பவுடராக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். துணி வெளுப்பது சுலபமாகிப் போச்சு.

அப்போது இந்தியாவிலிருந்து போன புள்ளிக் கைக்குட்டைக்கு அங்கே நல்ல கிராக்கி. பெயர் 'பந்தானா'. கட்டுவது என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. நம்ம மதுரைச் சுங்குடி மாதிரிதான்: துணியை விரலால் கிள்ளி, நூலால் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் புள்ளி.

கிளாஸ்கோவில் ஹென்றி மான்டீத் என்பவரின் ஆலை இதைத் தலைகீழாகச் செய்தது. முதலில் துணி முழுக்கச் சிவப்புச் சாயம். பிறகு 12, 14 துணிகளை அடுக்கி, துளை வெட்டிய ஈயத் தகடுகளுக்கு நடுவில் இறுக்கி, பிளீச்சிங் கரைசலைத் துளை வழியாக விட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் சிவப்பு போய் வெள்ளைப் புள்ளி விழுந்தது. அதையும் 'பந்தானா' என்றே விற்றார்கள். பெயரில்தான் கட்டு, துணியில் ஒரு முடிச்சுகூட இல்லை!

அன்று ஆலைக்கு மட்டும் இருந்த அந்த வித்தை இன்று நம் கைக்கும் எட்டும். பழைய எக்ஸ்ரே பிலிமில் பூ வெட்டி, சாயமேற்றிய பருத்தித் துணிமேல் வைத்து, தண்ணீர் கலந்த பிளீச்சை ஸ்பாஞ்சால் லேசாக ஒற்றினால் போதும். எல்லாச் சாயமும் வெளுக்காது. ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்க. நிறம் மாறியதும் நன்றாக அலசணும், விட்டால் நூல் இற்றுப்போகும். பட்டும் கம்பளியும் தாங்காது. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்க. ஆசிட், வினிகர் எதையும் கலக்காதீங்க, விஷ வாயு வரும்.

ஒன்று மட்டும் நாம் உறுதியாக இருக்கணும். நம் கடையில் பிளீச் பூ போட்ட சுடிதாரைப் பிளீச் வேலை என்றே சொல்லி விற்போம். சுங்குடி என்ற பேரும் அதற்கான விலையும், உட்கார்ந்து முடிச்சுப் போட்ட பெண்ணுக்கே சேரட்டும்.